ஊர் என்கிற சர்க்கார்: சுதந்திராக் கட்சியும் சேரியின் சுதந்திரமும்

என் அப்பா 1987இல் எங்கள் ஊரில் ஒரு டீக்கடை வைத்தார். 19 நாள் நடந்தது. ‘எங்கள் ஊர்’ என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். ஊர் அவர்களுடையது. எங்களுக்கு இருந்தது தெரு. கடை போட்ட இடம் இரண்டுக்கும் நடுவே, பஸ் வந்து திரும்புகிற மதகடி. அதற்கு முன் 6 வருஷம் அப்பா சென்னையில் டீ மாஸ்டராக இருந்தவர். ஒரு லிட்டர் பாலில் எத்தனை டீ போட்டால் கட்டுப்படியாகும் என்று அவருக்குத் தெரியும். கீழத்தஞ்சையில் பிறந்தவன் இன்னொருத்தன் வயலில் இறங்காமல் சொந்தமாக ஒரு தொழில் பண்ண வேண்டும் என்பது அவருக்கு ஒரு வெறியாகவே இருந்திருக்கிறது.

லைசென்சுக்காக இரண்டரை மாதம் நடந்தார். ஆபீசில் மனுவைத் தொலைத்துவிட்டு மறுபடி எழுதச் சொன்னார்கள். கையெழுத்துப் போட வேண்டியவர் வாய்விட்டே காசு கேட்டார். அம்மாவின் தோடு அடகுக்குப் போனது, திரும்பி வரவில்லை. இதெல்லாம் எல்லாருக்கும் நடப்பதுதான்.

கடை திறந்த பிறகு நடந்ததுதான் விஷயம். ஒரு கல் விழவில்லை. ஒருத்தரும் கை நீட்டவில்லை. ஊர்க்காரர்கள் வந்து நின்றார்கள், பஸ் வந்ததும் ஏறிப் போனார்கள். டீ குடிக்கவில்லை, அவ்வளவுதான். 5ஆம் நாள் பால்காரர் ‘எங்களுக்கே பத்தல’ என்று நின்றுவிட்டார். எங்கள் தெரு ஆட்கள் குடித்தார்கள், கடனுக்கு. 19ஆம் நாள் அப்பா பாய்லரை இறக்கிவைத்தார். பின்னாளில் இதைச் சொல்லும்போதெல்லாம் ஒரே வாக்கியத்தில்தான் முடிப்பார்: “சர்க்காரு காசு கேட்டான், குடுத்தேன், காயிதம் குடுத்தான். ஊரு எங்கிட்ட ஒண்ணுமே கேக்கலடா.”

சென்ற வருஷம் ஒரு கூட்டத்தில் நம் பிள்ளை ஒருவர் பேசினார். பொருளாதாரம் படித்தவர், நல்ல வாசிப்பு. மேல்நாட்டில் லிபர்ட்டேரியன் என்று சொல்கிற தனிமனித சுதந்திர அரசியலை எடுத்து வைத்தார். அதன் சாரம் இது: எவனுக்கும் எவன் மீதும் பலாத்காரம் செலுத்த உரிமை கிடையாது. என் உடம்பு என்னுடையது, என் உழைப்பு என்னுடையது, அதில் வந்த பொருளும் என்னுடையது. அரசாங்கத்தின் வேலை போலீஸ், கோர்ட், ராணுவம் என்ற மூன்றோடு முடிந்தது. மீதியெல்லாம் மனிதர்கள் தங்களுக்குள் மனமொத்துச் செய்துகொள்கிற ஒப்பந்தம்.

நானும் கை தட்டினேன். அதை மறைக்கவில்லை. என் உடம்பு என்னுடையது என்பது நமக்குச் சின்ன வார்த்தை கிடையாது. 1843இல் கம்பெனி சர்க்கார் அடிமை முறைக்குச் சட்டத்தில் இடமில்லை என்று ஆக்குகிற வரைக்கும் தஞ்சைச் சீமையில் நிலத்தோடு சேர்த்து ஆளையும் எழுதி விற்றார்கள். அந்த ஆட்களின் பேரன் பேத்திகள் நாம். சர்க்காரிடம் எச்சரிக்கையாக இரு என்று எவனும் நமக்குப் பாடம் எடுக்க வேண்டியதும் இல்லை. 1992 ஜூனில் வாச்சாத்திக்குள் வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் சேர்ந்து புகுந்து மலைவாழ் பெண்கள் 18 பேரைப் பாழ்படுத்தினார்கள். தர்மபுரி நீதிமன்றம் 2011இல் தண்டித்தபோது குற்றவாளிகளின் எண்ணிக்கை 269, அத்தனை பேரும் அரசு ஊழியர்கள். 1995 ஆகஸ்டு 31இல் கொடியங்குளத்தில் போலீஸ் உடைத்தது என்ன? வளைகுடாவில் போய் வியர்வை சிந்தி நம் ஆட்கள் வாங்கி வைத்திருந்த டி.வி.யையும் மின்விசிறியையும். 1999 ஜூலை 23இல் தாமிரபரணியில் 17 பேர். தனிமனிதனின் சொத்தையும் உயிரையும் சர்க்கார் சூறையாடுகிறது என்று ஒரு லிபர்ட்டேரியன் புத்தகம் போட நினைத்தால் எடுத்துக்காட்டுக்கு நம் சேரிகளுக்கு வந்தால் போதும். அவர்கள் வருவதில்லை என்பது வேறு சங்கதி.

ஆனால் கை தட்டிவிட்டு வெளியே வந்து நிற்கும்போது அப்பாவின் டீக்கடை ஞாபகம் வந்து குறுக்கே நின்றது. இந்த அரசியலை அதன் வரலாற்றோடு பார்க்க வேண்டும் என்று தோன்றியது அப்போதுதான். நம் நாட்டில் அது வெறும் புத்தகமாக இல்லை, ஒரு கட்சியாகவே இருந்தது. பிறந்ததும் சென்னையில்தான்.

1959 ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ், நிலத்துக்கு உச்சவரம்பும் கூட்டுறவுப் பண்ணையும் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அதே வருஷம் ஜூன் மாதம் சென்னையில் சுதந்திராக் கட்சி அறிவிக்கப்பட்டது. ராஜாஜிக்கு அப்போது 80 வயது. என்.ஜி.ரங்கா தலைவர். பொதுச்செயலாளர் மினு மசானி, 1934இல் காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவராக இருந்து பிறகு அதையெல்லாம் உதறியவர். தொழில் தொடங்க பெர்மிட், நடத்த லைசென்ஸ், சரக்கு வாங்க கோட்டா என்று டில்லி ஆளுகிறதே, அதைப் ‘பெர்மிட் லைசென்ஸ் கோட்டா ராஜ்’ என்று ராஜாஜி கேலி செய்தார். அந்தக் கேலி பொய்யில்லை. கோட்டா யாருக்குக் கிடைத்தது? டில்லியில் ஆள் வைத்திருந்த பெரும் முதலாளிகளுக்கு. என் அப்பாவுக்கு ஒரு டீக்கடை லைசென்சே தோட்டைத் தின்ற பிறகுதான் கிடைத்தது. இந்த இடத்தில் அந்தக் கட்சி பேசியது ஏழைக்கும் பொருந்துகிற பேச்சு. மசானியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கட்சியே இல்லாமல் போன பிறகு, 1976இல், எமர்ஜென்சியில் நாடு வாயைப் பொத்திக் கிடந்தபோது, தன் பத்திரிகையில் கை வைத்த தணிக்கை அதிகாரியை எதிர்த்து பம்பாய் உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தார். அந்த நேர்மை அவர்களில் சிலரிடம் இருந்தது.

ராஜாஜி அக்கட்சியில் எவ்வளவு தூரம் சுதந்திரவாதி என்பது தனிக் கேள்வி. 1937இல் பதவிக்கு வந்ததும் சேலத்தில் மதுவிலக்குக் கொண்டுவந்தவர் அவர். 1938இல் இந்தியைக் கட்டாயமாக்கியவர். அதை எதிர்த்துச் சிறைக்குப் போய் 1939 ஜனவரியில் உயிர்விட்ட நடராசன் நம் சேரிப் பிள்ளை. எதைக் குடிக்கலாம், எதைப் படிக்கலாம் என்பதில் சர்க்கார் தலையிடலாம், நிலத்தில் மட்டும் தலையிடக் கூடாது என்றால் அந்த சுதந்திரம் யாருடையது என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா?

நிலத்திலும்கூட அவர் ஒரு தரம் தலையிட்டிருக்கிறார். தாத்தா அதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். தாத்தா பண்ணையாள். சவுக்கடியும் சாணிப்பாலும் அவர் காலத்தில் கதையில்லை, கண்ட காட்சி. செங்கொடிச் சங்கம் கீழத்தஞ்சையில் வேர்விட்டு, 1952 தேர்தலில் கம்யூனிஸ்டுகள் ஜெயித்து வந்து நின்ற நேரத்தில், முதலமைச்சரான ராஜாஜி ஓர் அவசரச் சட்டம் போட்டார். தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். குத்தகைக்காரனுக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு. பண்ணையாளை நினைத்த மாத்திரத்தில் விரட்ட முடியாது, விரட்டினால் அவன் அதிகாரியிடம் மனுப் போடலாம். மிராசுதார்கள் கொதித்தார்கள். பலர் பண்ணையாள் முறையையே விட்டுவிட்டுத் தினக்கூலிக்கு மாறிக்கொண்டார்கள், ஆகவே சட்டத்தால் கிடைத்த பலன் குறைவுதான். ஆனாலும் தாத்தா சொல்வார்: “ஆண்டைக்கு மேல ஒரு ஆளு இருக்கான்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சிது.” சர்க்கார் நமக்கு நல்லது செய்துவிட்டது என்ற பொருளில் அவர் சொல்லவில்லை. ஆண்டைதான் கடைசி என்பது உடைந்ததைச் சொன்னார். அதைச் செய்த கை ராஜாஜியுடைய கை. 7 வருஷம் கழித்து அதே ராஜாஜி, நிலக்காரனுக்கும் உழுகிறவனுக்கும் நடுவில் சர்க்கார் வரக் கூடாது என்று கட்சி கட்டினார்.

இடையில் 1953 இருக்கிறது. தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குப் பள்ளிக்கூடம் 3 மணி நேரம், மீதி நேரம் வீட்டில் பெற்றோர் தொழிலைப் பழகட்டும் என்று ஒரு திட்டம். பெரியார் அதைக் குலக்கல்வி என்று பேர் வைத்துத் தெருவுக்கு இழுத்தார். 1954இல் ராஜாஜி பதவி விலகி, காமராசர் வந்து திட்டத்தைக் கைவிட்டார். இதை எல்லோரும் பார்ப்பன சூழ்ச்சி என்ற ஒரே கோணத்தில் பேசி முடித்துவிடுகிறோம். எனக்கு அதில் இன்னொன்று தெரிகிறது. பிள்ளையைப் பாதி நாள் விட்டுவிடு, குடும்பமும் ஊரும் பார்த்துக்கொள்ளும் என்கிற நம்பிக்கை. செட்டியார் வீட்டுப் பிள்ளையை விட்டுவிட்டால் அது கல்லாப்பெட்டியில் போய் உட்காரும். என் அப்பாவை விட்டிருந்தால் ஆண்டையின் மாட்டுக்கொட்டகையில் போய் நின்றிருப்பார். சர்க்கார் கையை எடுத்தால் அந்த இடம் காலியாக இருக்கும் என்று இவர்கள் நினைக்கிறார்கள். நம் நாட்டில் அது ஒரு நாளும் காலியாக இருந்ததில்லை.

கட்சியில் வந்து சேர்ந்தவர்களைப் பார்த்தாலே இது விளங்கும். ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவி. பீகாரில் ராம்கர் ராஜா. ஒரிசாவில் சமஸ்தான மன்னர்களின் கணதந்திர பரிஷத் முழுசாக வந்து இணைந்தது. 1962இல் மக்களவையில் 18 இடம், 1967இல் 44 இடம். காங்கிரசுக்கு அடுத்த பெரிய கட்சி. சென்னை மாகாணத்தில் 1967இல் தி.மு.க.வோடு கூட்டு வைத்து 20 சட்டமன்ற இடங்கள். 1971இல் 8 இடமாகச் சுருங்கி, 1974இல் சரண்சிங் கட்சியோடு கரைந்தது. அரசு அதிகாரத்தைக் குறைக்க வேண்டும் என்று முழங்கியவர்களின் பட்டியலில் நேற்று வரை தாங்களே அரசாக இருந்தவர்கள் இத்தனை பேர்.

ஆட்களைக் காட்டி ஒரு கொள்கையைத் தள்ளுவது சுலபம். நல்லவர்களே அந்தக் கொள்கையைப் பிடித்தாலும் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். அதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் இருக்கிறது, பாரி கோல்டுவாட்டர். அரிசோனா செனட்டர். கறுப்பர்களை வெறுத்தவர் என்று சொல்ல முடியாது. 1957 சிவில் உரிமைச் சட்டத்துக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டவர். 1960 பிப்ரவரி 1இல் கிரீன்ஸ்பரோ நகரில் 4 கறுப்பின மாணவர்கள் வெள்ளையருக்கு மட்டும் பரிமாறுகிற கடையில் போய் உட்கார்ந்து காபி கேட்டார்கள். அந்தக் காபி 4 வருஷம் போராட்டமாகி 1964இல் சட்டமாக வந்தது. ஓட்டலோ தியேட்டரோ நிறம் பார்த்து ஆளைத் தள்ளக் கூடாது. கோல்டுவாட்டர் எதிர்த்து ஓட்டுப் போட்டார். தனியார் கடையில் யாருக்குப் பரிமாறுவது என்று சொல்ல மத்திய அரசுக்கு அதிகாரம் இல்லை என்பது அவர் வாதம். அந்த வருஷம் ஜனாதிபதித் தேர்தலில் அவர் ஜெயித்தது 6 மாநிலம். ஒன்று சொந்த மாநிலம். மற்ற 5 மிசிசிப்பி, அலபாமா, ஜார்ஜியா, லூசியானா, தென் கரோலினா. நிறவெறியின் கோட்டைகள் அத்தனையும். மனிதர் என்ன நினைத்தார் என்பதை விட அந்தக் கொள்கை யாருக்குப் பயன்படும் என்பதை ஓட்டுப் போட்டவர்கள் சரியாகப் புரிந்துகொண்டார்கள்.

அமெரிக்க அரசமைப்பில் அந்த ஓட்டை இருந்தது. அங்கே உரிமைகள் சர்க்காருக்கு எதிரானவை. பக்கத்துக் கடைக்காரனுக்கு எதிரானவை கிடையாது என்று அவர்களுடைய உச்ச நீதிமன்றம் 1883இலேயே சொல்லிவிட்டது. நமது அரசமைப்பில் அம்பேத்கர் அந்த ஓட்டையை அடைத்தார். தீண்டாமை ஒழிப்பான 17ஆம் உறுப்பு அரசாங்கத்தைப் பார்த்து மட்டும் பேசவில்லை, ஊரைப் பார்த்துப் பேசுகிறது. 15(2) கடை, ஓட்டல், கிணறு, குளம் என்று பேர் சொல்லிப் பேசுகிறது. 1948 நவம்பர் 29ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் கடை என்றால் என்ன என்று கேள்வி வந்தபோது, வாசலுக்குள் நுழைய விடுவது மட்டும் போதாது, காசுக்குச் சேவை செய்கிற எல்லாமே அதில் அடங்கும் என்று அவர் விளக்கினார். முடிதிருத்துகிறவரிலிருந்து சலவைக்காரர் வரைக்கும். உலகத்தில் வேறு எந்த அரசமைப்பு, சவரக்கடை நாற்காலியைப் பற்றி இப்படிக் கவலைப்பட்டிருக்கும்?

சரி, என் அப்பாவின் கேஸ் இதிலும் அடங்கவில்லையே. கடைக்காரன் தள்ளினால் சட்டம் கேட்கும். கடைக்காரனைத் தள்ளினால்? குடிக்க மாட்டேன் என்பதும் ஒரு மனிதனின் சுதந்திரம்தானே? சுதந்திரவாதிக்கு இது மிக எளிய கேள்வி. வாங்குவதும் வாங்காததும் அவனவன் இஷ்டம், பலாத்காரம் எங்கே என்பான். மேலோட்டமாகப் பார்த்தால் பதில் சொல்ல முடியாது. ஒருத்தர் குடிக்காவிட்டால் அது அவர் ருசி. 300 வீடும் ஒரே நாளில், ஒரே மாதிரி, யாரும் கூட்டம் போடாமலே குடிக்கவில்லை என்றால்? மீறிக் குடிக்கிறவனுக்கு நாளைக்கு என்ன ஆகும் என்று ஒவ்வொருத்தனுக்கும் தெரிந்திருந்தால்? அந்தப் பால்காரர் கெட்டவர் இல்லை, அப்பாவே சொல்வார். பாலை ஊற்றினால் அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு எவனும் வர மாட்டான். வரி போடுகிறது, தண்டனை கொடுக்கிறது, எல்லையைக் காக்கிறது. இதற்குப் பேர் சர்க்கார் இல்லாமல் வேறென்ன? கொடி இல்லை, முத்திரை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதை நம்மவர்கள் எப்போதோ கண்டுபிடித்து எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். 1930இல் லண்டன் வட்டமேஜை மாநாட்டில் அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசனும் சேர்ந்து தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கான பாதுகாப்புகள் என்று ஒரு மனுக் கொடுத்தார்கள். அதில் பகிஷ்காரம் என்று தனியாக ஒரு குற்றம் இருக்கிறது. வீடோ நிலமோ விட மறுப்பது, கூலிக்கு வர மறுப்பது, வியாபாரம் பண்ண மறுப்பது, சேவை செய்ய மறுப்பது என்று அந்தக் குற்றத்துக்கு விளக்கம். பர்மாவில் 1922இல் வந்த ஒரு சட்டத்திலிருந்து மாதிரி எடுத்திருந்தார்கள். 1947இல் ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ எழுதும்போதும் அம்பேத்கர் இதை விடவில்லை. மேல்நாட்டுத் தத்துவம் அமைதியான உரிமை என்று சொல்கிற ஒன்றை நம் இரண்டு பேர் குற்றம் என்றார்கள். அடியும் உதையும் பொறுத்துக்கொள்ளலாம், ஊர் விலக்கு வைத்தால் ஒரு வாரத்தில் மண்டியிட வேண்டும் என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரியும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சமூகப் புறக்கணிப்பும் பொருளாதாரப் புறக்கணிப்பும் குற்றமாக வந்து சேர்ந்தது 2016 ஜனவரி 26இல். 86 வருஷம். என் அப்பாவின் கடை மூடி 29 வருஷம்.

அம்பேத்கர் அந்தப் புத்தகத்தில் இன்னொன்றும் கேட்கிறார். அரசு பின்வாங்கினால் சுதந்திரம் மிஞ்சுகிறது என்கிறீர்களே, யாருக்கு மிஞ்சுகிறது? நிலக்காரன் வாரத்தை ஏற்றுவதற்கும் முதலாளி வேலை நேரத்தை நீட்டுவதற்கும்தானே? வேலை இல்லாதவன் ஒரு வாய்ச் சோற்றுக்காகத் தன் உரிமைகளை எல்லாம் எழுதிக் கொடுத்துவிடுவான் என்பது அவர் வாதத்தின் முதுகெலும்பு. அதனால்தான் விவசாயம் அரசுத் தொழிலாக வேண்டும், சாதி பார்க்காமல் நிலம் குத்தகைக்கு விடப்பட வேண்டும் என்று அவர் எழுதினார். அந்த வைத்தியம் சரியா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. சேரியில் வளர்ந்தவனுக்கு எல்லா நிலமும் தாசில்தார் கையில் என்றால் பயம் வரத்தான் செய்யும். நோயை அவர் கண்ட விதத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை.

1968 டிசம்பர் 25 ராத்திரி, வெண்மணியில், ஒரே குடிசையில் 44 பேர். இந்தக் கொலைக்கும் சுதந்திராக் கட்சிக்கும் நான் முடிச்சுப் போடவில்லை. ஆனால் அந்தக் கொள்கையின் சொற்களை வைத்து அந்த நாட்களைப் படித்துப் பாருங்கள். மிராசுதார்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று ஒன்று வைத்திருந்தார்கள். சங்கம் வைக்கும் சுதந்திரம். உள்ளூர் ஆள் கூலி கூடக் கேட்டதால் வெளியூர் ஆளை இறக்கினார்கள், ஒப்பந்தச் சுதந்திரம். செங்கொடியை இறக்கிவிட்டு எங்கள் சங்கத்தில் சேர்ந்தால் வேலை என்றார்கள். ஒரு நிபந்தனை, ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். நெருப்பு வைக்கிற வரைக்கும் அந்தப் புத்தகத்தின்படி யாரும் ஒரு தப்பும் பண்ணவில்லை. நெருப்பு வைத்த பிறகு அவர்கள் நம்பச் சொல்கிற கோர்ட் இருக்கிறது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. அவ்வளவு நிலமுள்ள பெரிய மனிதர்கள் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்றது.

எனக்குத் தீராத கணக்கு இங்கேதான். இவர்கள் சர்க்காரைச் சுருக்கச் சொல்கிறார்கள். எதைச் சுருக்க? பள்ளிக்கூடம், ரேஷன் கடை, ஆதிதிராவிடர் ஹாஸ்டல், இட ஒதுக்கீடு. எதை வைத்துக்கொள்ள? போலீஸையும் கோர்ட்டையும். கொடியங்குளத்துக்கு வந்தது எது, வெண்மணியில் விடுதலை கொடுத்தது எது என்று யோசித்தால், நம்மை அடித்த கையை வைத்துக்கொண்டு நமக்கு ஒரு கவளம் போட்ட கையை வெட்டச் சொல்கிறார்கள் என்று தெரியும். ஹாஸ்டலில் புழுத்த அரிசிதான் போட்டார்கள். அந்த அரிசியைத் தின்றுதான் நான் எம்.ஏ. தமிழ் படித்தேன்.

அவர்களுக்குள்ளேயே ஒருவர் இந்தச் சிக்கலைத் தொட்டிருக்கிறார். ராபர்ட் நோசிக் என்ற அமெரிக்கத் தத்துவ ஆசிரியர், 1974இல் எழுதிய நூலில். நியாயமாக வந்த சொத்து, நியாயமாகக் கைமாறிய சொத்து, இரண்டும் புனிதம். வந்த வழியே அநியாயம் என்றால் அதைச் சரிசெய்தாக வேண்டும் என்கிறார். எப்படிச் சரிசெய்வது என்பதை விரித்து எழுதாமல் விட்டுவிட்டார். அவர் விட்ட இடத்தில் நமக்கு வேலை இருக்கிறது. செங்கல்பட்டு கலெக்டர் திரெமென்கீர் 1891இல் பறையர் நிலைமை பற்றி அறிக்கை எழுதி, 1892இல் அரசாணை வந்து, நமக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் 12 லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் சொல்கிற கணக்கு. குறிப்பிட்ட காலம் விற்கக் கூடாது, அப்புறமும் தாழ்த்தப்பட்டவர் அல்லாதாருக்கு விற்கக் கூடாது என்று நிபந்தனை. நிபந்தனையோடு வருவது முழுச் சொத்தாகாது, விற்கும் சுதந்திரத்தில் சர்க்கார் தலையிடுகிறது என்று சுதந்திரவாதி சொல்வான். இன்றைக்கு அந்த நிலத்தை யாராவது திருப்பிக் கேட்க முடிகிறது என்றால் அந்த நிபந்தனை ஒன்றால்தான். 1994 அக்டோபர் 10இல் காரணை நிலத்துக்காக நடந்த போராட்டத்தில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் குண்டுக்குச் செத்தார்கள். சொத்துரிமைக்காக உயிர் கொடுத்தவர்கள் என்று யாராவது பட்டியல் போடுவதாக இருந்தால் அந்த இரண்டு பேரையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

கூட்டத்தில் பேசிய தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் மடக்கவில்லை, யோசித்தார். “அண்ணே, நீங்க சொல்றது கிராமம். பணத்துக்குச் சாதி தெரியாது. மார்க்கெட் பெருசானா ஊர் தானா செத்துப்போகும்” என்றார். வடக்கே சந்திரபான் பிரசாத் மாதிரி நம்மவர்களும் பல வருஷமாக இதைச் சொல்லி வருகிறார்கள், தலித் தொழில் வர்த்தக சபை ஒன்று 2005இலிருந்து இருக்கிறது. நான் கிண்டல் பண்ண மாட்டேன். அப்பாவே அதற்குச் சாட்சி. கடையை மூடிவிட்டு அவர் மறுபடி சென்னைக்குத்தான் போனார். பழைய கடையிலேயே மாஸ்டர் வேலை. ஊரில் ஒரு கிளாஸ் விற்க முடியாத அதே கை, அங்கே காலையில் மட்டும் 400 டீ ஆற்றியது. ஐயர் குடித்தார், முதலியார் குடித்தார், எங்கள் ஊரிலிருந்து கோயம்பேட்டுக்குச் சரக்கு ஏற்றி வந்த மிராசுதார் வீட்டுப் பையன் ஒருத்தனும் ஒரு நாள் வந்து குடித்துவிட்டு ‘டீ நல்லாருக்கு மாஸ்டர்’ என்று சொல்லிவிட்டுப் போனான். அப்பாவை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

“தெரிஞ்சிருந்தா?” என்று கேட்டேன்.

“தெரியாமதானடா குடிச்சான்” என்றார். அந்தக் கடையில் அவர் வேலை பார்த்தது மொத்தம் 22 வருஷம். தினம் வருகிற பெரியவர் ஒருத்தர் எந்த ஊர் என்று விசாரித்து, ஊரைச் சொன்னதும் எந்தத் தெரு என்று கேட்டாராம். அப்பா வேறு ஒரு தெருவின் பேரைச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெரியவர் இருந்த வரைக்கும் அப்பா அந்தத் தெருக்காரராகவே இருந்தார். அங்கே யார் யார் இருக்கிறார்கள், யார் வீட்டில் என்ன விசேஷம் என்று பெரியவர் கேட்கும்போதெல்லாம், பாலை ஆற்றிக்கொண்டே, இல்லாத சொந்தங்களைப் பற்றிப் பதில் சொல்லியிருக்கிறார்.